குழாய் பேசாது

அந்த வீட்டு ஹாலில் சோபா கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பிள்ளைகள் வர ஆரம்பித்த பிறகு, பெரியவர்கள் சாய்ந்துகொள்கிற சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மாடிக்கு ஏறிவிட்டன. இப்போது இருப்பவை முழங்காலுக்குக் கீழே வாழ்பவை: கதவில்லாத குட்டை அலமாரி, மரக்கட்டைகள் குவிந்த கூடை, ஒரு சக்கரத்தை எங்கோ தொலைத்துவிட்ட லாரி, ஒரு நாள் கிரீடமாகவும் மறுநாள் கூடாரமாகவும் வேலை பார்க்கிற பழைய துணிகள். ஹாலையும் சமையலறையையும் தாண்டிப் போனால், பின்பக்கம் துணி துவைக்கிற இடம். அங்கே ஒரு நீலத் தொட்டி. அதைச் சுற்றி மூடியில்லாத கெட்டில், காதுடைந்த மக், ஒரு புனல், ரப்பர் டியூப் துண்டுகள்.

காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை இங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் வீட்டுக்காரம்மாவை அத்தை என்றார்கள். அவர்களைப் பார்த்துப் பெற்றோரும் அத்தை என்றார்கள். கடைசியில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட "அத்தை, சிலிண்டர்!" என்றுதான் வாசலில் குரல் கொடுத்தார்.

அத்தையின் பாடத்திட்டத்தை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். பிள்ளைகள் வருவதற்கு முன் சாமான்களை எடுத்து வைப்பார். வந்த பிறகு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். கூப்பிட்டால் போவார். கூப்பிடாவிட்டால் போகமாட்டார். ரத்தம் வந்தால் மட்டும் கூப்பிடாமலே போவார். கேட்க மிகச் சுலபமாக இருக்கிற இந்த வேலை, வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வரும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் எத்தனை பேர் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பிள்ளைகளுக்கு அவர் மாமா. தெருவுக்கு 'சுற்றறிக்கை'. பஸ் கம்பெனியில் பயணிகளுக்கான அறிவிப்பு எழுதும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஸ் வராது என்பதை 'பஸ் வராது' என்று எழுத ஒரு அதிகாரி எதற்கு? மாமா எழுதினால் 'மேற்படி வழித்தடத்தில் இயக்க இடைவெளி மறுசீரமைக்கப்பட்டு வருகிறது' என்று வரும். ஜனங்கள் அதைப் படிப்பார்கள், ஒன்றும் புரியாது, ஏதோ பெரிய காரியம் நடக்கிறது போல என்று மரியாதையோடு நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு எழுத எதுவும் இல்லாததால், வீட்டிலேயே பழகிக்கொண்டிருந்தார். "சர்க்கரை இருப்பு கவலைக்குரிய நிலையை எட்டியுள்ளது" என்பார். அத்தை டப்பாவைத் தட்டிக் காட்டி, "தீர்ந்துபோச்சுன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?" என்பார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சாயங்காலம் வாசலில் நடக்கிற அந்த விசாரணையைத் தவிர.

"அத்தை, இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே. தண்ணி ஊத்தினாங்க."

"நாள் பூராவுமா?"

"நடுவுல தூங்கினாங்க."

கேட்டவரின் முகம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம் மாதிரி ஆகும். அதிலும் ஒருவர் முகம் ஆகிற கதியைப் பார்க்க முடியாது. சொட்டுவின் அப்பா அவர். கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்கிறவர். யாராவது 'வணக்கம்' சொன்னால் அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். அவருடைய மகளுக்கு நாலு வயது. எந்நேரமும் சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருப்பதால் சொட்டு. காலையில் வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே தொட்டிக்கு ஓடுவாள். கெட்டிலில் இருந்து மக், மக்கிலிருந்து புனல், புனலிலிருந்து தன் கால். அதில் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"தண்ணி ஊத்தறதுக்கு எங்க வீட்டுலயே பாத்ரூம் இருக்கு அத்தை," என்றார் தணிக்கையாளர் ஒருநாள். "பெரிய ரோட்டுல ஒரு ஸ்கூல் திறந்திருக்காங்க. இந்த வயசுலயே உக்கார வெச்சு எழுத வைக்கறாங்களாம். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்..."

அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி முடிக்கவில்லை. ஆனால் திண்டாடிப்போய் நின்ற மனைவியை மாமா பார்த்துவிட்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இப்படி ஒரு அழைப்புக்காகத்தான் காத்திருந்த மனிதர் அவர்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. அதில் அழகான கையெழுத்தில்: 'இன்று: கொள்ளளவு ஒப்பீடும் திரவ இடமாற்றமும். செய்முறைப் பயிற்சி.'

தணிக்கையாளர் அதை இரண்டு முறை படித்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். "இதைத்தான் சார் நான் எதிர்பார்த்தேன்," என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய மகள் பக்கத்தில் வழக்கம்போல் சொட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து பலகைக்கு வாழ்வு வந்தது. மரக்கட்டை அடுக்கினால் 'கட்டமைப்பு வடிவியல்'. மத்தியானத் தூக்கம் 'நினைவாற்றல் உறுதிப்பாட்டு அமர்வு'. ஒரு பயல் சாக்பீஸைத் தின்றுவிட்டான். அது 'சுவை வழிப் பொருளாய்வு' ஆனது. சக்கரம் போன லாரிக்காக இரண்டு பேர் உருண்டு புரண்டு சண்டை போட்ட நாளில் மாமா, 'பற்றாக்குறைச் சூழலில் வள மேலாண்மைக் கலந்துரையாடல்' என்று எழுதினார்.

"என்னங்க இது அநியாயம்? ஒருத்தன் கையை ஒருத்தன் கடிச்சு வெச்சிருக்கான்."

"பொய்யா எழுதியிருக்கேன்? லாரி ஒரு வளம். ஒண்ணுதான் இருக்கு. அப்போ பற்றாக்குறை."

"கடிச்சது?"

"பேச்சுவார்த்தை முறிஞ்ச கட்டம்."

அத்தை சிரித்துவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது என்று பிறகு அவரே சொன்னார். ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை: அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. முன்பெல்லாம் பெற்றோர்கள் சலவைக் கடையில் துணி வாங்குகிற மாதிரி பிள்ளையை வாங்கி, ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது நின்று பேசினார்கள். பல் டாக்டர் அம்மா ஒருவர் வாய் தவறி 'மேடம்' என்றுகூடச் சொன்னார். அத்தை அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தச் சொல்லை இரண்டு முறை கணவரிடம் சொல்லிக் காட்டினார்.

அந்தப் பல் டாக்டர் அம்மாதான் முதல் எச்சரிக்கை மணியை அடித்தார்.

"அத்தை, ஒளிக்காம சொல்லுங்க. என் பையன் வள மேலாண்மையில வீக்கா?"

அவருடைய பையனுக்கு ஊர் வைத்த பெயர் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவான். பெற்றோர் பலகையைச் சத்தமாகப் படிப்பதைத் தினமும் கேட்டுக்கேட்டு, அவன் அதிலிருந்து சட்டப் பாடம் படித்துவிட்டான். மறுநாளே பக்கத்தில் இருந்தவன் தலையில் மரக்கட்டையால் ஒரு போடு போட்டுவிட்டு, அத்தை எழுந்து வருவதற்குள் வாக்குமூலம் கொடுத்தான்: "நான் அடிக்கல அத்தை. உணர்வை வெளிப்படுத்தினேன்."

இதையெல்லாம் சிரித்துத் தாண்டிவிடலாம். சொட்டு விஷயம் அப்படித் தாண்டுகிற மாதிரி இல்லை.

தணிக்கையாளர் பலகையை நம்பினார். அவர் தொழிலில் எழுத்தில் இருப்பதுதான் ஆதாரம். கொள்ளளவு என்று எழுதியிருக்கிறது. மகள் அதில் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? கோடு போட்ட அளவு ஜாடிகள் வாங்கினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மேஜையில் வைத்து, உயரமான ஜாடியில் கொஞ்சம், அகலமான ஜாடியில் அதே அளவு ஊற்றினார். "எதுல அதிகம் கண்ணா?" சொட்டு உயரமானதைக் காட்டினாள். "தப்பு. ரெண்டும் ஒண்ணுதான். நல்லாப் பாரு." அவர் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ரொம்பப் பொறுமையாக, அன்பாக, தினமும், தப்பு என்று சொன்னார்.

வாசலில் அவரே பெருமையாகச் சொன்னார்: "கொள்ளளவுல கொஞ்சம் பின்தங்கியிருக்கா அத்தை. வீட்டுல பயிற்சி குடுத்துக்கிட்டிருக்கேன். சரி பண்ணிடலாம்."

அத்தை பக்கத்தில் நின்ற சொட்டுவைப் பார்த்தார். அவள் சட்டை காய்ந்திருந்தது.

மறுநாள் கவனித்தார். சொட்டு பையைக் கொக்கியில் மாட்டினாள். மெதுவாக நடந்து தொட்டிக்குப் போனாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கட்டடம் பார்க்க வந்த அதிகாரி மாதிரி.

"அத்தை, எவ்வளவு ஊத்தணும்?"

"உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"இல்ல. சரியா எவ்வளவு?"

அத்தை மக்கை நீட்டினார். அவள் வாங்கி, அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கீழே வைத்தாள். பிறகு போய் ஹாலில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் இடம் அந்தச் சுவர்தான். படம் வரையக் கொடுத்தால், "இந்தக் கலர் சரியா?" கை கழுவப் போனால், "இது போதுமா?" கட்டை அடுக்கலாம் வா என்று வக்கீல் கூப்பிட்டால், "நீ முதல்ல பண்ணு, நான் பாக்கறேன்." நாலு வயதில் ஓய்வு பெற்றுவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அத்தை சமையலறையில் கணவரைப் பிடித்தார்.

"சொட்டுவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கொஞ்சம் ஒதுங்கியிருக்கா. இதை 'அவதானிப்பு வழிக் கற்றல்'னு..."

"பேரு வெச்சீங்கன்னா இன்னைக்கு உங்களுக்கு டீ கிடையாது."

மாமா வாயை மூடினார். டீ விஷயத்தில் மனைவி வெறும் வார்த்தை பேசுகிறவர் இல்லை.

"அந்தக் குழந்தை தண்ணியைத் தொட பயப்படுதுங்க. தண்ணியை! நீங்க எழுதினீங்க, நான் சிரிச்சேன், அவர் நம்பினாரு. நடுவுல மாட்டிக்கிட்டது அவ."

"நல்லதுன்னுதான்..."

"கெட்டதுன்னு நினைச்சு யாரு பண்ணுவாங்க?"

அத்தை ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பலகையைத் துடைத்தார். துடைத்தது போதாது என்று கழற்றியும் எடுத்து, மாடியில் சோபாவுக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்தார். மாமா மாடிப்படியின் கீழே நின்று, சொந்தக்காரர் யாரையோ ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில் பெரிய குழப்பம். பல் டாக்டர் அம்மா போனைத் தூக்கிப் பிடித்தபடி, எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் வெறும் ஆணியையே பார்த்தார். "இன்னைக்கு ஒண்ணுமே நடக்கலையா அத்தை?"

"எல்லாம் நடந்துச்சு. தண்ணி ஊத்தினாங்க. சண்டை போட்டாங்க. தூங்கினாங்க. உங்க பையன் ரெண்டு வாழைப்பழம் தின்னான்."

"அது... எதுல வரும்?"

"வயித்துல வரும்."

எல்லோரும் கலைந்த பிறகும் தணிக்கையாளர் நின்றார். சொட்டுவைச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். எப்போதும் கணக்கு கேட்கிற குரல் அது. இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

"அத்தை, வீட்டுல ஒரு மாதிரியா இருக்கா. பிரஷ்ல பேஸ்ட் எவ்வளவு வைக்கணும்னு கேக்கறா. பால் எத்தனை வாய் குடிக்கணும்னு கேக்கறா. நேத்து கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு, 'அப்பா, நான் சரியா நிக்கறேனா?'ன்னு கேட்டா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு, பயந்தவர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, கோபப்பட்டார். "நீங்கதானே எழுதிப் போட்டீங்க? கொள்ளளவு, ஒப்பீடு, அது இதுன்னு! அதை நம்பித்தானே நான் பயிற்சி குடுத்தேன்?"

வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த மாமா எழுந்தார். தொண்டையைச் செருமினார். "இது தொடர்பாக எழுந்துள்ள சில..." என்று ஆரம்பித்து, நின்றார். உள்ளேயிருந்து சொட்டுவின் குரல் வந்தது: "அத்தை, வலது கால் முதல்லயா, இடது கால் முதல்லயா?"

"அது தண்ணி ஊத்தி விளையாடினது சார்," என்றார் மாமா. "நான்தான் பெருசா பேரு வெச்சேன்."

அவர் வாழ்க்கையில் வெளியிட்ட அறிவிப்புகளிலேயே சின்னது அதுதான். ஊர் முழுக்கப் புரிகிற மாதிரி அமைந்ததும் அது ஒன்றுதான்.

"அப்போ அதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல தம்பி," என்றார் அத்தை. சார் எப்போது தம்பி ஆனார் என்று இருவரும் கவனிக்கவில்லை. "அவ பண்ணினது நிஜமாவே அதுதான். ஆனா நாம அதுக்குப் பேரு வெச்சு, மார்க்கும் போட ஆரம்பிச்சா, அப்புறம் தண்ணியைத் தொட கை எங்க வரும்? நீங்க குளிக்கும்போது யாராவது பக்கத்துல நின்னு 'தப்பு, சோப்பு இடது பக்கம்'னு சொன்னா எப்படி இருக்கும்?"

"இப்ப என்ன பண்றது?"

"எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா எப்படி அத்தை?"

"தெரிஞ்ச மாதிரி பேசித்தான் நாம மூணு பேரும் இங்க வந்து நிக்கறோம்." அத்தை பெருமூச்சு விட்டார். "அந்த ஜாடி எல்லாத்தையும் எடுத்துப் பரண்ல போடுங்க. நாளைக்குக் காலையில வேலைக்குக் கொஞ்சம் லேட்டாப் போங்க. இங்க வந்து உக்காருங்க. எதுவும் கேக்கக் கூடாது, எதுவும் சொல்லக் கூடாது. அவ கூட சும்மா ஒரு இடத்துல இருங்க. அதுக்கும் அவ சரியாகலைன்னா, நீங்க சொன்ன அந்த ஸ்கூலுக்கே கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அத்தை வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் தணிக்கையாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. ஹாலில் இருந்த பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளிலேயே உயரமானதைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். அப்படியும் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. ஒரு பெரிய கொக்கு, முட்டைக் கூடைமேல் தவறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சொட்டு சுவரோரம் தன் இடத்தில். அப்பாவைப் பார்ப்பதும், பார்க்காததுமாக இருந்தாள்.

எதுவும் கேட்கக் கூடாது என்பதை அவர் கொஞ்ச நேரம் காப்பாற்றினார். பிறகு பழக்கம் ஜெயித்தது.

"இது என்ன கலர்?" என்றார், பக்கத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம்.

அவன் கட்டையைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். பதில் சொல்லாமல் கட்டையோடு இடம் மாறிக்கொண்டான்.

"இதுல எத்தனை கட்டை இருக்கு, சொல்லு பாக்கலாம்?" இது வக்கீலிடம்.

"உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும், ஆனா..."

"அப்புறம் ஏன் கேக்கறீங்க?" வக்கீல் கொஞ்சம் யோசித்தான். பிறகு சபைக்குத் திரும்பி அறிவித்தான்: "இந்த மாமாவுக்குக் கலரும் தெரியாது, எண்ணவும் தெரியாது. பாவம்."

அறையில் உண்மையான இரக்கம் பரவியது. ஒரு சின்னப்பெண் வந்து அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். இன்னொருத்தி அவர் முகத்துக்கு நேரே ஒரு கட்டையைக் காட்டி, காது கேளாதவரிடம் பேசுவது போல, "சி... வப்பு," என்றாள். பெரிய கம்பெனிகளின் முதலாளிகளை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்த மனிதர், தலையாட்டி, "சிவப்பு," என்று திருப்பிச் சொன்னார். சுவரோரம் சொட்டுவின் உதடு லேசாக அசைந்தது. அத்தை பார்த்தார், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குள் பின்பக்கத்தில் குழாய் போடுகிற வேலை ஆரம்பித்துவிட்டது. தொட்டியிலிருந்து சுவரோரத்து வாளிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். தூக்கிக்கொண்டு போவது செல்லாது, குழாய் வழியாகத்தான் போக வேண்டும். இது வக்கீல் போட்ட சட்டம். டியூப் துண்டுகள் எட்டவில்லை. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பிடிக்க ஆள் வேண்டும், அதுவும் கை நீளமான ஆள். வக்கீல் ஹாலுக்கு வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு எல்லோரையும் அளந்தான்.

"நீங்க நீளமா இருக்கீங்க. வாங்க. நீங்கதான் குழாய்."

"நானா? நான் எப்படிப்பா குழாயா..."

"குழாய் பேசாது!"

தணிக்கையாளர் மேல்முறையீட்டுக்காக அத்தையைப் பார்த்தார். அத்தை மும்முரமாக ஒரு சுத்தமான அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனவே ஒரு மனிதர் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது கையில் புனல், தலைக்கு மேலே. புனலிலிருந்து ஒரு டியூப் இறங்கி அவர் வலது கை முஷ்டிக்குள் வந்தது. முஷ்டிக்குள்ளிருந்து இன்னொரு டியூப் வாளிக்குப் போனது. இரண்டும் சேருகிற இடம் அவருடைய விரல்கள்தான். வக்கீல் ஸ்டூலில் ஏறிக் கெட்டிலைக் கவிழ்த்தான். தண்ணீர் புனலில் இறங்கி, முதல் டியூபில் ஓடி, முஷ்டிக்கு வந்து, அங்கே தன் விருப்பப்படி நாலா பக்கமும் பிரிந்து, தணிக்கையாளரின் மடியில் போய்ச் சேர்ந்தது. வாளிக்கு ஒரு பொட்டுகூடப் போகவில்லை.

"ஒழுகுது! குழாய் ஒழுகுது!" என்று எல்லோருக்கும் ஒரே ஆனந்தம்.

அவருக்கு விடை தெரியும். சின்ன டியூபைப் பெரிய டியூபுக்குள் சொருகினால் போதும். சொல்ல வாயைத் திறந்தார்.

"குழாய் பேசாது!"

மூடினார். மறுபடி ஊற்றினார்கள். மறுபடி மடி. மறுபடி வாய் திறந்தது. இந்த முறை நாலைந்து குரல்கள் ஒன்றாக அவரை அடக்கின. மாமா டீயோடு வந்தார். காட்சியைப் பார்த்தார். அவர் உதடுகள் 'நீர்ம...' என்று குவிந்தன.

"டீயை வெச்சிட்டுப் போங்க," என்றார், துடைக்கிற துணியோடு அங்கே வந்து நின்றிருந்த அத்தை, திரும்பிப் பார்க்காமலே. அவர் வைத்துவிட்டுப் போனார்.

சமையலறை வாசலில் சொட்டு வந்து நின்றிருந்தாள்.

அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்களைப் பெரிதாக்கி அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்பா?"

"அது அப்பா இல்ல. குழாய்," என்றான் வக்கீல்.

சொட்டு அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து குனிந்தாள். "குழாயே, உனக்கு வலிக்குதா?"

"குழாய் தலையாட்டலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

வக்கீல் ஆலோசித்தான். "ஆட்டலாம். கொஞ்சமா."

குழாய் கொஞ்சமாகத் தலையாட்டியது. வலிக்கிறது.

சொட்டு ஒழுகுகிற இடத்தில் ஒரு விரலை வைத்தாள். தண்ணீர் சும்மா இருக்குமா? விரலைச் சுற்றிக்கொண்டு பீய்ச்சி அவள் மூக்கில் அடித்தது. அத்தை கையிலிருந்த துணி அப்படியே நின்றது. சொட்டு மூக்கைத் துடைத்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு விரல் வைத்தாள். உள்ளங்கையை வைத்தாள். ஓடிப்போய் ஹாலிலிருந்து ஒரு துணி கொண்டுவந்து முஷ்டியைச் சுற்றிக் கட்டினாள். துணி நனைந்து கனத்ததே தவிர, ஒழுகல் நிற்கவில்லை. அவிழ்த்து எறிந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டியூப்களை வெளியே எடுத்து, பெரியதைச் சின்னதற்குள் சொருகப் பார்த்தாள். போகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். போகவில்லை.

குழாயின் தொண்டைக்குள் ஏதோ ஒரு வார்த்தை மேலும் கீழும் போய் வந்தது. குழாய் அதை விழுங்கியது. எத்தனையோ பேருடைய கணக்கில் எத்தனையோ தப்பு கண்டுபிடித்தவருக்கு, அன்றைக்குச் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான் என்பது அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் கை தானாக அசைந்தது. புனல் சாய்ந்தது.

"குழாய்க்கு போன் வராது," என்றான் வக்கீல், கடுமையாக.

போன் அடித்து, அடித்து, ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. சொட்டு அதைக் காதிலேயே வாங்கவில்லை. டியூப்களைத் தலைகீழாகத் திருப்பி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் அப்பா மடியில் போட்டுவிட்டு, கெட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அதை முழுக்க அமுக்கி, வழிய வழிய நிரப்பினாள். எவ்வளவு என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, நடக்கும் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வந்தாள். சட்டை நனைந்தது, கால் நனைந்தது, அத்தையின் புடவை நுனியும் நனைந்தது.

"குழாயே, ஆடாம இரு," என்றாள். "இன்னும் முடியல."

குழாய் ஆடவில்லை.